போன்ல மெரட்டுனா போஸ்ட்டை தூக்கிடணுமா? – வக்கீல் சார் பதில்கள்

போன மாசம் கடைசி பாராவுல சும்மா ஒரு வரி, "நெட்டு, போஸ்ட்டு, பேச்சுரிமை பத்தி ஏதாச்சும் கேக்கணும்னா எழுதுங்க"ன்னு போட்டு வெச்சேன், அவ்ளோதான், ஆபீஸ் வாட்ஸ்ஆப் நம்பர் ரெண்டு நாளைக்கு ஓயல. குருசுக்குப்பத்துலேந்து ஒருத்தர் ஏழு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பிருக்காரு, அதுல நாலு நிமிஷம் அவரு மச்சானை திட்டுறது. அதை விட்டுட்டு மிச்சத்துக்கு பதில் சொல்றேன். பேரு போடாதீங்கன்னு பாதி பேர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும் தான்.

மஞ்சக்குப்பம், கடலூர் (காலேஜ் ஸ்டூடன்ட்): சார், எங்க தெருவுல மழை பேஞ்சா முட்டி வரைக்கும் தண்ணி, மூணு நாளாகியும் வடியல. அதை வீடியோ எடுத்து "ஓட்டு கேக்க வந்தப்ப கால் நனையலயா"ன்னு எழுதி போட்டேன், நல்லா ஓடுச்சு. மறுநாள் காலைல ஒரு கால், "ஸ்டேஷன்லேந்து பேசுறோம், வீடியோவை எடுத்துடு, இல்லன்னா கேஸாயிடும், படிப்பு போயிடும்"னு. அம்மா அழுதாங்க. எடுத்துட்டேன். எடுத்தது சரியா?

தம்பி, அம்மா அழுதா நானும் தான் எடுத்திருப்பேன், அதுக்கு வெக்கப்படாத. ஆனா சட்டப்படி கேட்டீன்னா, ஒரு போன் காலுக்கு நீ எடுக்க வேண்டிய அவசியமே கெடையாது.

மொதல்ல அது ஸ்டேஷன் தானான்னு பாரு. இப்ப போலீஸ், சிபிஐ, கஸ்டம்ஸ்னு சொல்லிக்கிட்டு வீடியோ கால்ல "டிஜிட்டல் அரெஸ்ட்"னு காசு புடுங்குற கூட்டம் வேற சுத்துது. பேரு என்ன, என்ன ரேங்க், எந்த ஸ்டேஷன்னு கேட்டு எழுதிக்கிட்டு போனை வெச்சுடு. அப்புறம் அந்த ஸ்டேஷன் லேண்ட்லைனுக்கு நீயே அடிச்சு கேளு. அங்க அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொன்னா கதை முடிஞ்சுது.

நெசமாவே ஸ்டேஷன் தான்னு வெச்சுக்குவோம். நெட்ல இருக்குற ஒண்ணை எடுக்க வைக்க ஐடி சட்டத்துல, அதாவது தகவல் தொழில்நுட்ப சட்டத்துல, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு 69ஏ, அது டெல்லில மத்திய அரசு போடுற ப்ளாக்கிங் உத்தரவு. இன்னொண்ணு 79(3)(பி), அதுல கோர்ட் உத்தரவோ அரசாங்கத்தோட எழுத்துப்பூர்வமான அறிவிப்போ பேஸ்புக், யூடியூப் கம்பெனிக்கு போகும், உனக்கு வராது. அந்த ரெண்டாவது வழில யார் வேணாலும் லெட்டர் அனுப்பிக்கிட்டு இருந்ததால 2025 நவம்பர் 15லேந்து ரூல்ஸை மாத்திட்டாங்க. போலீஸ் சைடுல டிஐஜி ரேங்க்குக்கு கொறயாத, அதுக்குன்னே அதிகாரம் குடுத்த ஆபீசர் தான் அனுப்ப முடியும், எந்த சட்டப்படி, என்ன காரணம், எந்த லிங்க்னு எல்லாம் அதுல எழுதணும். உங்க தெரு மழைத்தண்ணிக்கு டிஐஜி உக்காந்து லெட்டர் அடிப்பாருன்னு எனக்கு தோணல.

"வா, வந்து பேசிட்டு போ"ன்னு கூப்ட்டா அதுக்கும் பேப்பர் இருக்கு. புது கிரிமினல் சட்டத்துல, பிஎன்எஸ்எஸ்னு சொல்றோமே அதுல, 35(3) நோட்டீஸ். அதை வாட்ஸ்ஆப்ல அனுப்பிட்டு "குடுத்தாச்சு"ன்னு சொல்ல முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரில சொல்லிடுச்சு. கைல தரணும்.

அதனால அடுத்த தடவை போன் வந்தா சண்டை போடாத, சட்டம் பேசாத, மரியாதையா ஒண்ணே ஒண்ணு சொல்லு: "சார், ஆர்டர் காப்பி குடுங்க, படிச்சு பாத்துட்டு செய்றேன்." ஒண்ணு மட்டும் கவனம், தண்ணி நிக்குதுன்னு சொல்றது வேற, "டிரெயினேஜ் காசை தின்னுட்டான்"னு ஆள் பேரை போட்டு எழுதுறது வேற, ரெண்டாவது அவதூறு. அதுக்கு அவரு கோர்ட்டுக்கு போகலாம், உன் கைல ஆதாரம் இல்லன்னா நான் கூட காப்பாத்த முடியாது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி: 2012ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தரை ட்விட்டர்ல எழுதுனதுக்கு விடியகாலைல வந்து தூக்கிட்டு போனாங்களே, அந்த சட்டம் இருக்கா இல்லையா? என் பேத்தி இல்லைங்குறா, எதிர்வீட்டுக்காரர் இருக்குங்குறாரு.

பேத்தி தான் கரெக்ட். எதிர்வீட்டுக்காரரும் முழுசா தப்பு இல்ல, எப்படின்னு சொல்றேன்.

அன்னிக்கு அந்த பாண்டிக்காரர், சின்ன பிசினஸ் பண்றவரு, ஒரு மத்திய மந்திரி மகனோட சொத்தை பத்தி ஒரு ட்வீட் போட்டாரு. அவருக்கு இருந்த ஃபாலோயர்ஸ் 16 பேர். கல்யாண பந்தில ஒரு வரிசைக்கே அதுக்கு மேல உக்காருவாங்க. அந்த 16 பேர் படிச்சதுக்கு அக்டோபர் 30ஆம் தேதி விடியுறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல போலீஸ். அன்னிக்கே பெயில்ல வந்துட்டாரு, வந்ததும் நாடு பூரா அவரு பேரு தெரிஞ்சுடுச்சு. அரெஸ்ட் பண்ணாம விட்டிருந்தா அந்த ட்வீட் 16 பேரோட செத்திருக்கும்.

அது தான் ஐடி சட்டத்தோட 66ஏ. ஒருத்தருக்கு "எரிச்சல்" உண்டாக்குற மாதிரி, "அசவுகரியம்" உண்டாக்குற மாதிரி கம்ப்யூட்டர்ல எதையாச்சும் அனுப்பினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு போகும் அந்த செக்‌ஷன். எரிச்சல்னா யாருக்கு எரிச்சல்? எங்க ஆபீஸ் க்ளார்க்குக்கு நான் காலைல குட் மார்னிங் அனுப்பினாலே எரிச்சல். 2012 நவம்பர்ல மகாராஷ்டிரா பால்கர்ல ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி பேஸ்புக்ல பந்த் பத்தி போஸ்ட் போட்டா, இன்னொருத்தி அதுக்கு லைக் போட்டா, ரெண்டு பேரையும் அரெஸ்ட் பண்ணாங்க. அதுக்கப்புறம் ஷ்ரேயா சிங்கல்னு சட்டம் படிக்கிற ஒரு பொண்ணு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, 2015 மார்ச் 24ல 66ஏ மொத்தமா செல்லாதுன்னு தீர்ப்பு. அந்த தீர்ப்புல எனக்கு புடிச்ச இடம் ஒண்ணு. ஒரு விஷயத்தை விவாதிக்கிறது ஒரு படி, அதை ஆதரிச்சு வாதாடுறது ரெண்டாவது படி, கெளம்புங்கடா அடிங்கடான்னு தூண்டிவிடுறது மூணாவது படி, இந்த மூணாவது படிக்கு வந்தா தான் அரசாங்கம் கைய வைக்கலாம்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. கேக்கவே கடுப்பா இருந்தாலும் மொத ரெண்டு படில இருக்குறவனை தொடக்கூடாது.

எதிர்வீட்டுக்காரர் எங்க சரின்னா, தீர்ப்பு வந்த பிறகும் பல வருஷம் ஸ்டேஷன்கள்ல அதே செக்‌ஷன்ல எஃப்ஐஆர் போட்டுக்கிட்டே இருந்தாங்க. செத்த சட்டத்துக்கு கேஸ் டைரி! 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடி கூப்ட்டு, யாரையும் 66ஏல விசாரிக்க கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்ல வேண்டியதாச்சு.

கடலூர் ஓ.டி.: பேச்சுரிமை அடிப்படை உரிமைன்னு எட்டாவதுல படிச்சோம். அடிப்படைன்னா அதுல கை வைக்க முடியாதுல்ல? அப்புறம் எப்படி இவ்வளவு தடை?

பாடப்புத்தகத்துல மொத வரிய மட்டும் மனப்பாடம் பண்ண வெச்சுட்டாங்க, அதான் சிக்கல். அரசியல் சட்டத்துல 19(1)(ஏ) பேச்சுரிமைய தருது. 19(2) எதெதுக்காக அதை நியாயமான அளவுல கட்டுப்படுத்தலாம்னு எட்டு காரணம் சொல்லுது: நாட்டோட இறையாண்மை ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், கோர்ட் அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்கு தூண்டுறது. இந்த எட்டை தாண்டி ஒன்பதாவதா ஒண்ணை கொண்டு வந்து பேச்சை அடைக்க முடியாதுன்னு 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டோட அரசியல் சாசன பெஞ்ச் சொல்லிருக்கு. "மந்திரி மனசு புண்படும்"ங்குறது லிஸ்ட்ல இல்ல, நல்லா தேடி பாத்துட்டேன்.

இந்த எட்டும் ஒரே நாள்ல வந்தது இல்ல, அதுல நம்ம பக்கத்து கதை ரெண்டு இருக்கு.

1950 ஜனவரி 26ல அரசியல் சட்டம் வருது. அஞ்சே வாரத்துல மெட்ராஸ் அரசாங்கம் பம்பாய்லேந்து வர்ற கிராஸ்ரோட்ஸ்னு ஒரு இடதுசாரி இங்கிலீஷ் வாரப்பத்திரிகை மாகாணத்துக்குள்ளயே நுழையக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. உங்க கடலூரு அப்ப தென்னாற்காடு ஜில்லா, மெட்ராஸ்ல சேந்தது, அந்த தடை உங்களுக்கு உண்டு. இங்க பாண்டி அப்ப பிரெஞ்சுக்காரன் கைல, எங்களுக்கு அந்த உத்தரவு செல்லாது. நடுவுல ஒரு அரை மணி நேர பயணம். அந்த பத்திரிகையோட ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போனாரு, மே மாசமே ஜெயிச்சாரு. பொது ஒழுங்குன்னு சொல்லி பத்திரிகைய தடுக்க அன்னிக்கு இருந்த 19(2)ல எடமே இல்லன்னுட்டாங்க நீதிபதிங்க. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? தீர்ப்பை ஏத்துக்குச்சு, சட்டத்தை மாத்திடுச்சு. 1951ல மொத திருத்தம், பொது ஒழுங்கு உள்ள வந்தது அப்ப தான். ஒரு நல்லது, "நியாயமான"ங்குற வார்த்தையும் அப்ப தான் வந்துச்சு, இன்னிக்கு நாங்க கோர்ட்ல தொங்குறதே அந்த ஒரு வார்த்தைய புடிச்சிக்கிட்டு தான்.

ரெண்டாவது, அண்ணா 1962ல ராஜ்யசபாவுல மொத பேச்சுலயே திராவிட நாடு பத்தி பேசுனாரு. 1963 அக்டோபர்ல 16ஆவது திருத்தம் வந்து இறையாண்மை, ஒருமைப்பாடுங்குற காரணத்தையும் லிஸ்ட்ல சேத்துடுச்சு. கட்சியும் அந்த கோரிக்கைய கைவிட்டுடுச்சு. இன்னிக்கு ஒரு வெப்சைட்டை ப்ளாக் பண்றப்ப டெல்லில டைப் அடிக்கிற மொத காரணமே அந்த வார்த்தைங்க தான், அதோட பொறப்பு நம்ம ஊர் அரசியல்ல இருக்குன்னு நெறைய பேருக்கு தெரியாது.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு, புதுச்சேரி: எங்க தெருவுல தான் பாரதி குடியிருந்த வீடு. வெள்ளைக்காரன் அவரை தொட முடியாம பாண்டில உக்காந்து எழுதுனாரு. இப்ப விபிஎன்னு, நம்ம நெட்டை வேற நாட்டு வழியா சுத்தி விடுற ஆப், அதை போட்டா அதே மாதிரி தானே? எல்லைய தாண்டி உக்காந்துட்டா யாரும் தடுக்க முடியாதுல்ல?

நல்ல கேள்வி, நல்ல தெரு, ஆனா ஒப்பிட்டு பாத்தா பாதி தூரம் தான் வருது.

பாரதி 1908ல இங்க வந்தாரு. பிரெஞ்சுக்காரங்களுக்கு 1881லயே பத்திரிகை சுதந்திர சட்டம் இருந்துச்சு, அது அவங்க காலனிகளுக்கும் பொருந்தும், அதனால இங்கேந்து "இந்தியா" வாரப்பத்திரிகைய அச்சடிக்க முடிஞ்சுது. எழுதுறவனை புடிக்க முடியல, அச்சகத்தை பூட்ட முடியல. அப்ப வெள்ளைக்காரன் என்ன பண்ணான்? படிக்கிறவனுக்கு போய் சேராம தடுத்தான். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள பத்திரிகை நுழைய தடை, தபாலை மறிச்சான். சந்தாதாரர் எல்லாம் எல்லைக்கு அந்த பக்கம் இருக்குறப்ப பத்திரிகை எத்தனை நாள் தாங்கும்? 1910ல நின்னு போச்சு. ஆளை தொடாமலே பத்திரிகைய சாகடிச்சாச்சு.

இப்ப நடக்குற ப்ளாக்கிங் அந்த தபால் மறிக்கிற வேலை தான். எப்படி மறிக்கிறாங்கன்னா, பெரிய மார்க்கெட் வாசல்ல நின்னு "பூ விக்கிற ஆயா கடை எங்க"ன்னு ஒருத்தரை கேக்குறீங்க, அவரு "அப்படி ஒரு கடையே இல்ல"ன்னு பொய் சொல்றாரு, கடை உள்ள தொறந்து தான் இருக்கு. டிஎன்எஸ்ங்குற முகவரி புத்தகத்துல நெட் கம்பெனி செய்யுறது அதான். இன்னொரு விதம், கவரை பிரிக்க மாட்டான், மேல எழுதிருக்குற அட்ரஸை மட்டும் படிச்சுட்டு கிழிச்சு போட்டுடுவான். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமா செய்யுறதால தான் ஒரே வெப்சைட் உங்க வீட்டு வைஃபைல வராது, பையன் சிம்ல வரும். சில நேரம் "உத்தரவின் பேரில் தடை"ன்னு ஒரு பக்கம் வரும், பல நேரம் அதுவும் வராது, சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், நீங்க ரீசார்ஜ் முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சுக்குவீங்க.

விபிஎன் வெச்சிருக்குறது மட்டுமே நாடு பூராவுக்கும் குற்றம்னு எந்த சட்டமும் சொல்லல. காஷ்மீர்ல சில மாவட்டங்கள்ல தனியா தடை போட்டிருக்காங்க, அது வேற. 2022 ஏப்ரல்ல செர்ட்-இன்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு ஒரு உத்தரவு போட்டுச்சு, விபிஎன் நடத்துறவங்க கஸ்டமர் விவரத்தை 5 வருஷம் வெச்சிருக்கணும்னு. சில கம்பெனிங்க இந்தியாவுல இருந்த சர்வரையே கழட்டி எடுத்துட்டு போயிட்டாங்க. ஆனா நீங்க ஒண்ணை மறக்குறீங்க. விபிஎன் படிக்கிறவனுக்கு உதவும், உங்க தெருக்காரர் மாதிரி எழுதுறவனுக்கு உதவாது. ஆயிரம் பேர் படிச்ச எடத்துல பத்து பேர் விபிஎன் போட்டு படிச்சா அந்த சைட் நடத்துறவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?

பாரதி கதையோட மிச்சம் உங்க தெருவுல போர்டுல எழுதிருக்காங்களான்னு தெரியல. 1918 நவம்பர்ல பாண்டி எல்லைய தாண்டுனாரு, கடலூர் பக்கத்துலயே புடிச்சுட்டாங்க, 24 நாள் கடலூர் ஜெயில். பத்து வருஷம் எல்லை அவரை காப்பாத்துச்சு, அதை தாண்டி கொஞ்ச தூரம் கூட போக விடல.

வில்லியனூர் (இல்லத்தரசி): எங்க அப்பார்ட்மென்ட் குரூப்புக்கு நான் அட்மின். யாராச்சும் ஏடாகூடமா போட்டா உன்னை தான் புடிப்பாங்க, விட்டுடுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு.

தண்ணி லாரி எப்ப வரும்னு கேக்குற குரூப்பை விடாதீங்கம்மா. அட்மினா இருக்குறதுக்காக மட்டும் அடுத்தவன் போட்டதுக்கு பொறுப்பு கெடையாதுன்னு பம்பாய் ஐகோர்ட் 2021ல, கேரளா ஐகோர்ட் 2022ல சொல்லிருக்கு, நம்ம மதுரை பெஞ்சும் 2021 டிசம்பர்ல அதே வழில தான் போச்சு. பயப்பட வேண்டியது ஃபார்வர்டுக்கு. "நான் எழுதல சார், வந்ததை அனுப்புனேன்"ங்குறது செல்லாது. ஒரு நடிகர், முன்னாள் எம்எல்ஏ, பெண் பத்திரிகையாளர்களை கேவலமா எழுதுன ஒரு பதிவை ஃபார்வர்ட் பண்ணிட்டு படிக்காம அனுப்பிட்டேன்னாரு, 2023ல சென்னை ஐகோர்ட் ஏத்துக்கல, அனுப்புன மெசேஜ் வில்லுலேந்து போன அம்பு மாதிரின்னுட்டாங்க. வீட்டுக்காரர் காலைல அஞ்சு மணிக்கு எத்தனை ஃபார்வர்ட் அனுப்புறாருன்னு எண்ணி பாருங்க.

நெல்லிக்குப்பம்: ஒரு கார்ட்டூனுக்கு விகடன் வெப்சைட்டையே மூடுனாங்களே, அது எந்த ஊர் நியாயம்? கட்டுரைய புடிக்கலன்னா கட்டுரைய எடுக்க சொல்லலாம், லைப்ரரியவே பூட்டுறதா?

நானும் ஒரு பத்திரிகைல எழுதுறவன், எனக்கு இதுல ஒரு பக்கம் சாய்வு உண்டு, அதை முன்னாடியே சொல்லிடுறேன்.

2025 பிப்ரவரில அமெரிக்காவுலேந்து நம்ம ஆளுங்களை கைவெலங்கு போட்டு அனுப்புனாங்க. அதை வெச்சு விகடன் பிளஸ் இணைய இதழ்ல, டிரம்ப் பக்கத்துல பிரதமர் வெலங்கோட உக்காந்திருக்குற மாதிரி கார்ட்டூன். பிஜேபி சைடுலேந்து புகார் போச்சு. பிப்ரவரி 15 ராத்திரி பல பேருக்கு சைட் தொறக்கல. கார்ட்டூன் பக்கம் மட்டும் இல்ல, சமையல் குறிப்பு, ராசிபலன், பழைய பேட்டி எல்லாமே போச்சு. ஏன்னு அவங்களுக்கே அப்ப தெரியல, நோட்டீஸ் பின்னாடி தான் வந்துச்சு. சென்னை ஐகோர்ட்டுக்கு போனாங்க, மார்ச் 6ல இடைக்கால உத்தரவு, அந்த பக்கத்தை தற்காலிகமா எடுங்க, சைட்டை தொறந்து விடுங்கன்னு.

நீங்க கேட்ட லைப்ரரி கேள்விக்கு அதுல ஓரளவு பதில் இருக்கு. ஆனா எனக்கு உறுத்துறது வேற எடம். 69ஏ படி ப்ளாக் பண்ண 2009ல ரூல்ஸ் போட்டாங்க. அதுல எழுதுனவனையோ கம்பெனியையோ கூப்ட்டு கேக்கணும், 48 மணி நேரமாவது டைம் தரணும்னு இருக்கு. அவசரம்னா கேக்காமலே மூடிட்டு 48 மணி நேரத்துக்குள்ள கமிட்டி முன்னாடி வைக்கணும்னும் இருக்கு. கூடவே 16ஆவது ரூல், புகாரும் நடவடிக்கையும் ரகசியம்னு சொல்லுது. இந்த மூணையும் சேத்து படிச்சு பாருங்க. கதவு பூட்டிருக்கு, யார் பூட்டுனா எதுக்கு பூட்டுனான்னு எழுதுன சீட்டு இருக்கு, அந்த சீட்டு உனக்கு காட்ட மாட்டோம். ஆர்டிஐ போட்டா பாதுகாப்பு காரணம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. 66ஏவை தூக்குன அந்த 2015 தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் 69ஏவை செல்லும்னு விட்டதே, காரணத்தை எழுத்துல எழுதணும், பாதிக்கப்பட்டவன் அதை வெச்சு ஐகோர்ட்ல ரிட் மனு போடலாம்ங்குற தைரியத்துல தான். எழுதுனதை காட்டவே மாட்டேன்னா நான் எதை வெச்சு ரிட் போடுறது?

ஒருத்தர் வரதட்சணைய கிண்டல் பண்ணி ஒரு வெப்சைட் வெச்சிருந்தாரு, மாப்ள என்ன படிச்சிருக்காரு, என்ன சம்பளம்னு போட்டா எவ்ளோ வரதட்சணை கேக்கலாம்னு கணக்கு போட்டு தரும். சரியான நக்கல். அது நக்கல்னு புரியாம ப்ளாக் பண்ணிட்டாங்க. காப்பி குடுங்கன்னு கேட்டா ரகசியம்னாங்க. 2022ல டெல்லி ஐகோர்ட் சொல்லித்தான் உத்தரவு காப்பியும் குடுத்து அவரை கூப்ட்டும் கேட்டாங்க. வரதட்சணை கிண்டல்ல என்ன ராணுவ ரகசியம் இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

விகடனுக்கு இது புதுசும் இல்ல. 1987ல அட்டைல போட்ட ஒரு ஜோக்குக்கு தமிழ்நாட்டு சட்டசபையே ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு 3 மாசம் கடுங்காவல் தண்டனை குடுத்துச்சு, எதிர்ப்பு கெளம்புனதும் சில நாள்லயே விட்டுட்டாங்க. அன்னிக்கு ஆண்டது வேற கட்சி. எந்த கட்சிக்காரனும் இதை படிச்சுட்டு சந்தோஷப்பட வேணாம்.

அரியாங்குப்பம்: அரசாங்கத்தை திட்டுனா தேசத்துரோகமா சார்?

இல்ல. திட்டுறதும் வன்முறைக்கு கூப்புடுறதும் ஒண்ணு இல்லன்னு 1962லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பழைய தேசத்துரோக சட்டம் 124ஏவை 2022 மே மாசம் நிறுத்தி வெச்சாங்க, 2024 ஜூலை 1லேந்து அந்த சட்டப்புத்தகமே போயி பிஎன்எஸ் வந்துச்சு. அதுல 152னு ஒரு செக்‌ஷன் இருக்கு. பேரு மாறிருக்கு, ஜாடை அப்படியே இருக்கு. நல்லா திட்டுங்க, ஆனா "வெட்டுவேன்"னு எழுதாதீங்க.

புதுச்சேரி (சொல்தா குடும்பம்): எங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளம், எங்க அம்மாவுக்கும் எனக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி, பொறந்து வளந்து பேசுறது எல்லாம் இங்க தான். நான் உள்ளூர் விஷயத்தை பேஸ்புக்ல எழுதுறேன். எனக்கும் பேச்சுரிமை உண்டுல்ல?

இந்த கேள்வி பாண்டில மட்டும் தான் வரும். கஷ்டமான பதில், கோவிச்சுக்காதீங்க. 19ஆவது பிரிவு "எல்லா குடிமக்களுக்கும்"னு ஆரம்பிக்குது. நீங்க இங்க பொறந்திருக்கலாம், கறிவேப்பிலைய எங்க தெருவுலேந்து வாங்கலாம், ஆனா பாஸ்போர்ட் பிரெஞ்சுன்னா அந்த 19 உங்களுக்கு கெடையாது. அதுக்காக உங்களை என்ன வேணா பண்ணலாம்னு இல்ல, 14ம் 21ம் "எந்த நபருக்கும்"னு இருக்கு, சட்டத்தின் முன் சமம், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு, அது குடிமகன் இல்லாதவருக்கும் உண்டு. ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டு பாஸ்போர்ட் இருக்குற இந்திய வம்சாவளிக்கு தர்ற கார்டு, வெச்சிருந்தா இன்னொண்ணு, 2021 மார்ச் அறிவிப்புப்படி பத்திரிகை வேலை செய்ய தனியா பர்மிஷன் வாங்கணும். பேஸ்புக்ல தெரு வெளக்கு எரியலன்னு எழுதுறது பத்திரிகை வேலையான்னு கேட்டா, ஆகாதுன்னு நான் வாதாடுவேன். யூடியூப் சேனல் ஆரம்பிச்சு மைக்கோட கெளம்புறதுக்கு முன்னாடி மட்டும் என்னை வந்து பாருங்க.

இந்த "குடிமக்களுக்கு மட்டும்"ங்குற வாதத்தை பெரிய எடத்துலயும் போட்டாங்க. மத்திய அரசோட சயோக் போர்ட்டல்னு ஒண்ணு, போஸ்ட்டை எடுங்கன்னு ஆன்லைன்லயே கம்பெனிங்களுக்கு அனுப்புற வழி, அதை எதுத்து எக்ஸ் (பழைய ட்விட்டர்) கம்பெனி கர்நாடகா ஐகோர்ட்டுக்கு போச்சு. 2025 செப்டம்பர்ல தள்ளுபடி. வெளிநாட்டு கம்பெனி 19ஐ கேக்க முடியாதுங்குறதும் அதுல ஒரு காரணம். கம்பெனிக்கு இல்ல சரி, அதுல எழுதுன நம்ம ஊர் ஆளு குடிமகன் தானே, அவனுக்காக யாரு பேசுறது?

கடலூர் துறைமுகம் (மீன் வியாபாரம்): 2018ல சரக்கு எடுக்க தூத்துக்குடில இருந்தேன், நெட்டு மொத்தமா போச்சு. அப்ப கைல காசு இருந்துச்சு, சமாளிச்சேன். இப்ப எல்லாம் ஸ்கேன் பண்ணி தான் காசு வருது. இங்க அப்படி நிறுத்துனா எங்க பொழப்பு?

2018 மே 22, 23ல ஸ்டெர்லைட் போராட்டத்துல நடந்த துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் செத்தாங்க, 23ஆம் தேதியே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துக்கும் நெட்டை நிறுத்த உத்தரவு. செத்தது யாரு, ஆஸ்பத்திரில யாருன்னு தெரிய வேண்டிய நேரத்துல தான் போன் ஊமையாச்சு.

உங்க பொழப்பை பத்தி கோர்ட்டே பேசிருக்கு. காஷ்மீர்ல 2019 ஆகஸ்ட்ல நிறுத்துன கேஸ், அனுராதா பாசின் வழக்கு, 2020 ஜனவரி 10 தீர்ப்பு. நெட் வழியா பேசுறதுக்கும், நெட் வழியா தொழில் பண்றதுக்கும், ரெண்டுக்குமே 19ல பாதுகாப்பு உண்டு. காலவரை இல்லாம நிறுத்த முடியாது. போட்ட உத்தரவை வெளியிடணும், அப்ப தான் ஜனங்க கோர்ட்டுக்கு போக முடியும். அதுக்கப்புறம் ஒரு உத்தரவு 15 நாளுக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல் வந்துச்சு. 2024ல புது ரூல்ஸ், ஹோம் செக்ரட்டரி லெவல்ல தான் போடணும், காரணத்தோட வெளியிடணும், அஞ்சு நாளுக்குள்ள கமிட்டி பாக்கணும். புயல்ல டவர் விழுந்து நெட்டு போறதுக்கு இது எதுவும் கெடையாது, அதுக்கு கடல் ராசாவை தான் கேக்கணும். நம்ம ஊர்ல என்னிக்காச்சும் போட்டாங்கன்னா மீன் வித்த கணக்கு நோட்டு, முந்தின வாரம் ஜிபேல வந்தது எவ்ளோ, நிறுத்துன நாள்ல எவ்ளோங்குறதை எழுதி வைங்க. ஐகோர்ட்ல உங்க நோட்டு பேசுற அளவுக்கு என் வாய் பேசாது.

திருப்பாதிரிப்புலியூர்: ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க போஸ்ட்டை யாராச்சும் எடுக்க சொல்லிருக்காங்களா?

சொன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆபீஸ்ல லிஃப்ட் ஓடல, கையெழுத்து போட வந்த ஒரு பாட்டிய நாலாவது மாடிக்கு நாற்காலில வெச்சு ரெண்டு பேர் தூக்கிட்டு போனதை போட்டோ எடுத்து, முகம் தெரியாம மறைச்சு போட்டேன். சாயங்காலமே ஒரு அதிகாரி போன், ரொம்ப மரியாதையா, "வக்கீல் சார், நம்மளுக்குள்ள எதுக்கு, எடுத்துடுங்க"ன்னாரு. நானும் மரியாதையா, "கண்டிப்பா சார், எழுத்துல ஒரு வரி அனுப்புங்க"ன்னேன். "நாளைக்கு அனுப்புறேன்"னாரு. போஸ்ட் இன்னும் அங்கயே இருக்கு, 43 லைக், அதுல ஒண்ணு லிஃப்ட் ஆபரேட்டரோடது. போன வாரம் வேற வேலையா போயிருந்தேன், லிஃப்ட் கதவுல கயித்தை கட்டி "பழுது"ன்னு அட்டை தொங்குது.